லண்டன் ரிவர்: 30-ஆம் எண் பேருந்தும் இரண்டு பெற்றோரும்

2005 ஜூலை 6-ஆம் தேதி, 2012 ஒலிம்பிக் போட்டி லண்டனுக்குத்தான் என்று அறிவித்தார்கள். டிரஃபால்கர் சதுக்கத்தில் ஒரே ஆட்டம் பாட்டம். மறுநாள் வியாழக்கிழமை காலை 8:50 வாக்கில், ஒரு நிமிஷத்துக்குள் மூன்று சுரங்க ரயில்களில் குண்டு வெடித்தது. ஆல்ட்கேட் அருகே 7 பேர், எட்ஜ்வேர் ரோட்டில் 6 பேர், கிங்ஸ் கிராஸுக்கும் ரஸல் ஸ்கொயருக்கும் நடுவில் இருந்த ஆழமான சுரங்கத்தில் 26 பேர். முதலில் மின்சாரக் கோளாறு என்றுதான் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அப்படி இல்லை என்று தெரிந்துவிட்டது. மூன்றும் ஒரே நேரத்தில் வெடித்தவை என்பதை போலீஸ் உறுதி செய்யவே இரண்டு நாள் ஆனது. அதுவரை 26 நிமிஷ இடைவெளி என்றே செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

நான்காவது குண்டு பேருந்தில். 30-ஆம் எண் பேருந்து அன்றைக்கு மார்பிள் ஆர்ச்சிலிருந்து ஹாக்னி விக் போய்க்கொண்டிருந்தது. ரயில் ஓடாததால் கூட்டம் பேருந்துகளில் ஏறியது. கிங்ஸ் கிராஸ் பக்கம் சாலையை மூடியதால் இந்தப் பேருந்தை வழிமாற்றி டாவிஸ்டாக் சதுக்கத்துக்குத் திருப்பினார்கள். 9:47-க்கு அதன் மேல்தளம் வெடித்தது. 13 பேர் இறந்தார்கள். வெடித்த இடம் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் கட்டடத்து வாசல். உள்ளே கூட்டத்துக்கு வந்திருந்த மருத்துவர்கள் ஓடிவந்து சிகிச்சை கொடுத்தார்கள். எதிரே இருக்கும் தோட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பது காந்தி சிலை. ஃபிரெடா பிரில்லியன்ட் செய்தது, 1968-ல் பிரதமர் ஹரால்டு வில்சன் திறந்துவைத்தது. அதே தோட்டத்தில் ஹிரோஷிமாவில் இறந்தவர்கள் நினைவாக 1967-ல் நட்ட செர்ரி மரமும் உண்டு. லண்டனில் குண்டு வைக்க இதைவிடப் பொருந்தாத இடம் கிடையாது.

குண்டு வைத்த நால்வர் தவிர மொத்தம் 52 பேர் இறந்தார்கள், 700-க்கும் மேற்பட்டவர்கள் காயம். பெயர்ப் பட்டியலைப் படித்தால் உலகமே இருக்கிறது: போலந்து, துருக்கி, ஈரான், நைஜீரியா, இஸ்ரேல். முஸ்லிம் பெயர்கள் உண்டு. நம்ம பக்கத்து இந்திய, இலங்கைப் பெயர்களும் உண்டு.

இந்தப் பின்னணியில் எடுத்த படம்தான் 'லண்டன் ரிவர்'. இயக்குநர் ரஷீத் பூஷாரெப். 2009 பெர்லின் திரைப்பட விழாவில் முதலில் திரையிட்டார்கள். ஓடும் நேரம் ஒன்றரை மணிக்கும் குறைவு. இனிமேல் கதையின் முடிவையும் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம், ஆனால் இது முடிவு தெரிந்தால் கெட்டுப்போகிற படம் இல்லை.

எலிசபெத் ஒரு விதவை. கணவர் ஃபாக்லண்ட் போரில் இறந்தவர். குவெர்ன்ஸி தீவில் விவசாயம் பார்க்கிறாள். டிவியில் செய்தி பார்த்ததும் லண்டனில் படிக்கும் மகள் ஜேனுக்குப் போன் போடுகிறாள், வாய்ஸ்மெயில்தான் வருகிறது. மறுபடி போடுகிறாள், மறுபடியும் அதேதான். கிளம்பி லண்டன் வருகிறாள். உஸ்மான் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த முஸ்லிம். பிரான்ஸில் காட்டு வேலை, எல்ம் மரங்களைப் பராமரிப்பவர். மகன் அலிக்கு ஆறு வயது இருக்கும்போது குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு பிழைக்க வந்தவர், அதற்குப் பிறகு மகனைப் பார்த்ததே இல்லை. அவனைத் தேடி அவரும் லண்டன் வருகிறார். ஜேனும் அலியும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தவர்கள் என்பது இருவருக்கும் போகப்போகத்தான் தெரிகிறது.

எலிசபெத்தாக பிரெண்டா பிளெதின், உஸ்மானாக சோட்டிகி குயாட்டே. பெர்லினில் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி விருது குயாட்டேக்குக் கிடைத்தது. இந்தப் பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால், சரிதான். பீட்டர் புரூக்கின் 'மகாபாரதம்' நாடகத்தில் பீஷ்மராக நடித்தவர் இவர். 1985-ல் அவிஞ்ஞோன் பக்கத்தில் ஒரு கல் குவாரியில் ஒன்பது மணி நேரம் நடந்த நாடகம். பிறகு 1989-ல் திரை வடிவமும் வந்தது. அதில் திரௌபதி நம்ம மல்லிகா சாராபாய். நெடுநெடுவென்று ஒல்லியாக, எலும்பும் தோலுமாக நிற்கும் அந்தக் கறுப்புப் பீஷ்மரைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அவரை விட்டால் இன்னொரு பீஷ்மரை நினைக்க முடிவதில்லை. கண்ணெதிரே பேரப்பிள்ளைகள் அழிவதைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டிய கிழவர் அல்லவா அவர்?

குயாட்டே 1936-ல் மாலியின் பமாக்கோவில் பிறந்தவர், பர்கினா ஃபாஸோ நாட்டுக்காரராக வாழ்ந்தவர், அந்த நாட்டுக் கால்பந்து அணியின் கேப்டனாகவும் இருந்தவர். அவருடைய குடும்பம் கிரியோ மரபு. கிரியோ என்றால் நம்ம பாணர் மாதிரி: அரச வம்சத்தின் கதையை வாயால் காப்பாற்றி வருபவர்கள், சண்டைக்காரர்களுக்கு நடுவில் சமாதானம் பேசுபவர்கள். 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தா கெய்த்தாவுக்குக் கிரியோவாக இருந்தவர் ஒரு குயாட்டே. அந்த வம்சத்தின் ஆளை ஒரு வார்த்தையும் அதிகம் பேசாத பாத்திரத்தில் உட்கார வைத்தது இயக்குநரின் துணிச்சல்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தப் படத்தைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே வரிதான்: பொதுவான துயரம் இரண்டு பேரின் மனத்தடையை உடைக்கிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. படத்தில் முக்கால்வாசி நேரம் அவர்களிடம் துயரமே கிடையாது. இருப்பது தெரியாமை. பிள்ளை செத்துவிட்டது என்று தெரிந்தால் அழலாம். தெரியாதபோது என்ன செய்வது? வரிசையில் நிற்க வேண்டும், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏற வேண்டும், போட்டோவை ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். அந்த வேலைதான் இவர்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவருகிறது.

வரலாற்றிலும் அந்த வாரம் அப்படித்தான் இருந்தது. கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன் வாசலில் காணாமல் போனவர்களின் படங்கள் சுவர் முழுக்க ஒட்டியிருந்தன. இறந்தவர்களில் முதல் பெயரை அதிகாரபூர்வமாக வெளியிட்டதே ஜூலை 11-ஆம் தேதிதான், அதாவது நான்கு நாள் கழித்து. கைரேகை, பல் மருத்துவக் குறிப்பு, டிஎன்ஏ என்று ஏதாவது ஒன்று உறுதியாகப் பொருந்தினால்தான் பெயர் சொல்வார்கள். தப்பான குடும்பத்திடம் தப்பான உடலைக் கொடுத்துவிடக்கூடாது என்ற எச்சரிக்கை, அது நியாயம்தான். ஆனால் மகள் தினமும் அந்த ரயிலில் போகிறவள், போன் எடுக்கவில்லை, வீட்டுக்கும் வரவில்லை என்றால் ஒரு தாய்க்கு என்ன நடந்திருக்கும் என்று தெரியாதா? தெரிந்தும் நான்கு நாள், ஐந்து நாள், ஒரு வாரம் காத்திருந்தார்கள்.

பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன் என்பதால் எனக்கு இதில் இன்னொரு விஷயம் மனதில் நின்றுவிட்டது. லண்டன் சட்டமன்றத்தின் ஆய்வுக் குழு 2006 ஜூனில் ஓர் அறிக்கை வெளியிட்டது. வழக்கமாக நாளொன்றுக்கு 70 லட்சம் அழைப்புகளைக் கையாளும் ஓ2 நெட்வொர்க் அன்றைக்கு 1 கோடியே 10 லட்சம் அழைப்புகளைக் கையாண்டது என்று அதில் இருக்கிறது. அது பரவாயில்லை, எந்த நெட்வொர்க்கும் திணறத்தான் செய்யும். ஆனால் நண்பகலிலிருந்து மாலை 4:45 வரை ஆல்ட்கேட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்தில் ஓ2 போன்களைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறார்கள். தனிச் சலுகை பெற்ற சிம் கார்டு வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு மட்டும் வழிவிடும் ஓர் ஏற்பாடு அது. அதை இயக்க வேண்டாம் என்று எல்லாத் துறைகளும் சேர்ந்த ஒருங்கிணைப்புக் குழு முடிவு செய்திருந்தது. அதையும் மீறி சிட்டி ஆஃப் லண்டன் போலீஸ் கேட்டு வாங்கியது. லட்சக்கணக்கான அழைப்புகள் வீணாகின. படத்தில் எலிசபெத் திரும்பத் திரும்ப வாய்ஸ்மெயிலில் பேசும் காட்சி வரும்போதெல்லாம் எனக்கு இந்த அறிக்கைதான் ஞாபகம் வரும். அன்றைக்கு பதில் வராததற்கு மரணம் மட்டும் காரணம் இல்லை, அதனாலேயே நம்பிக்கையும் சீக்கிரம் சாகவில்லை.

எலிசபெத் மகளின் வீட்டைக் கண்டுபிடித்து வந்து சேரும் இடம் வடக்கு லண்டனில் ஃபின்ஸ்பரி பார்க் பகுதி. கீழே ஹலால் இறைச்சிக் கடை, கடைக்காரர்தான் வீட்டுச் சொந்தக்காரர். தெரு முழுக்க முஸ்லிம்கள். தம்பியிடம் போனில் அதை ஏதோ பூச்சி மொய்த்த இடம் மாதிரி சொல்கிறாள். இந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு காரணம் இருக்கிறது. ஃபின்ஸ்பரி பார்க் மசூதி அபு ஹம்ஸா என்ற தீவிரவாதப் பேச்சாளரால் பத்திரிகைகளில் நாறிப்போன பெயர். 2003 ஜனவரியில் போலீஸ் அங்கே சோதனை போட்டது. 2005 பிப்ரவரியில், குண்டுவெடிப்புக்கு ஐந்து மாதம் முன்னால், புதிய நிர்வாகத்தின் கீழ் அதைத் திறந்தார்கள். ஆனால் அந்தப் பக்கத்து பிளாக்ஸ்டாக் ரோட்டில் அதிகம் இருப்பவர்கள் அல்ஜீரியர்கள். 'குட்டி அல்ஜியர்ஸ்' என்றே அதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. குண்டு வைத்தவர்கள் அல்ஜீரியர்களும் இல்லை, லண்டன்காரர்களும் இல்லை. மூன்று பேர் யார்க்ஷயரில் வளர்ந்த பாகிஸ்தானிய வம்சாவளியினர், நான்காமவன் ஜமைக்காவில் பிறந்து மதம் மாறியவன். ஆனால் பயத்துக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. குண்டுவெடிப்புக்குப் பிந்தைய மூன்று வாரத்தில் மத வெறுப்புக் குற்றங்கள் என்று லண்டன் போலீஸ் பதிவு செய்தவை 269. முந்தைய வருஷம் அதே காலத்தில் 40. ஜூலை 22-ஆம் தேதி ஸ்டாக்வெல் ஸ்டேஷனில் போலீஸ் தவறாகச் சுட்டுக் கொன்றது 27 வயது பிரேசில் எலக்ட்ரீஷியனை. அவர் முஸ்லிமும் இல்லை.

இந்த இடத்தில் இயக்குநரைப் பற்றியும் ரெண்டு வார்த்தை. பூஷாரெப் பாரிஸில் 1953-ல் அல்ஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். இதற்கு முந்தைய படம் 'டேஸ் ஆஃப் குளோரி'. இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸுக்காகப் போரிட்ட வட ஆப்பிரிக்கச் சிப்பாய்களின் கதை. காலனி நாடுகளைச் சேர்ந்த பழைய சிப்பாய்களின் ஓய்வூதியத்தை 1959-லிருந்து பிரான்ஸ் உறைய வைத்திருந்தது. 2006-ல் அந்தப் படம் வந்த கையோடு ஷிராக் அரசாங்கம் சுமார் 80,000 பேருக்கு அதைச் சரிசெய்தது. அதில் நடித்த ரோஷ்டி ஸெம், சாமி புவாஜிலா இருவரும் 'லண்டன் ரிவர்' படத்திலும் இறைச்சிக் கடைக்காரராகவும் இமாமாகவும் வருகிறார்கள்.

இனி எனக்குப் பிடித்த பகுதி, மொழி. எலிசபெத்தும் உஸ்மானும் எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள்? பிரெஞ்சில். அவருக்கு ஆங்கிலம் வராது. அவள் குவெர்ன்ஸிக்காரி என்பதால் பிரெஞ்சு தெரியும். வசதிக்காக வைத்த ஜோடனை என்று சிலர் நினைக்கலாம். ஓரளவுக்கு அப்படித்தான், 2001 மக்கள்தொகைக் கணக்கில் அந்தத் தீவின் பழைய நார்மன் பிரெஞ்சைச் சரளமாகப் பேசியவர்கள் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் பின்னால் வரலாறு இருக்கிறது. குவெர்ன்ஸி இங்கிலாந்துக் கடற்கரையைவிட பிரான்ஸுக்குத்தான் பக்கம். நார்மண்டி பிரபுக்களின் நிலத்தில் மிச்சமாக பிரிட்டிஷ் அரசுரிமையிடம் நின்றுபோன துண்டு. இன்றைக்கும் ஐக்கிய இராச்சியத்தின் பகுதி கிடையாது. விக்டர் ஹ்யூகோ நாடு கடந்து 15 வருஷம் அங்கேதான் இருந்தார். நம்ம 'ஏழை படும் பாடு' படத்துக்கு மூலமான நாவலை முடித்தது அந்தத் தீவில்தான். உஸ்மானுக்கு பிரெஞ்சு வந்தது வேறு வழி, காலனி ஆட்சியின் வழி. ஒருத்திக்கு ஆயிரம் வருஷத்து நார்மன் மிச்சம், இன்னொருத்தருக்கு 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் படையெடுப்பு. இரண்டு வேறு வரலாறு தந்த ஒரே மொழியில், லண்டன் மாநகரத்தின் நடுவில், ஆங்கிலம் பேசாமல் இரண்டு பேர் பிள்ளைகளைத் தேடுகிறார்கள்.

குவெர்ன்ஸிக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. 1940 ஜூனில் ஜெர்மானியர் தீவைப் பிடிப்பதற்கு முன்னால் சுமார் 17,000 பேரைக் கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அதில் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில், பலர் அப்பா அம்மா இல்லாமல். 1945 மே 9 வரை தீவு ஜெர்மானியர் கையில். அத்தனை வருஷமும் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடுவில் செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுபோன செய்திகள்தான், ஒன்றுக்கு 25 வார்த்தை. படத்தில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. நான்தான் சேர்த்துப் படிக்கிறேன். எலிசபெத்தின் வயதை வைத்துப் பார்த்தால் அவளுடைய அப்பா அம்மா அப்படிக் காத்திருந்த தலைமுறை.

இப்போது அந்த மனத்தடைக்கு வருகிறேன். உஸ்மான் மசூதியின் அரபி வகுப்பில் எடுத்த ஒரு புகைப்படத்தை வாங்குகிறார். அதில் அலியும் இருக்கிறான், ஜேனும் இருக்கிறாள். எலிசபெத் ஒட்டிய சுவரொட்டியில் அதே முகம். அவளைத் தேடிப்போய்ப் படத்தைக் காட்டுகிறார். அவள் என்ன செய்கிறாள்? போலீஸில் சொல்கிறாள். போலீஸ் அவரை விசாரித்துவிட்டு அனுப்புகிறது. மகள் அரபி படித்தாள் என்பதையே அவளால் ஏற்க முடியவில்லை, அரபி யார் பேசுகிறார்கள் என்று குழம்புகிறாள். அவனால்தான் மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது, மதம் மாற்றிவிட்டார்கள் என்று மனசு ஓடுகிறது.

ஆனால் உஸ்மானும் அதே பயத்தில்தான் இருக்கிறார் என்பதுதான் படத்தின் உயிர். மகனை ஆறு வயதுக்குப் பிறகு அவர் பார்க்கவில்லை. அவன் எப்படி வளர்ந்தான், யாரோடு சேர்ந்தான், எதுவும் தெரியாது. குண்டு வைத்தவர்களில் அவனும் ஒருவனாக இருந்துவிட்டால்? அந்தக் கிறிஸ்தவப் பெண் அவருடைய மகனை எப்படிச் சந்தேகிக்கிறாளோ அப்படியே அவரும் சந்தேகிக்கிறார். இதை அவர் வாய்விட்டுச் சொல்லும் காட்சியில் குயாட்டே முகத்தில் ஒன்றும் பெரிதாக நடக்காது. தோள் மட்டும் கொஞ்சம் இறங்கும். செய்தித்தாள் பரப்பிய பயம் முஸ்லிம் அப்பனுக்குள்ளும் புகுந்து, பெற்ற பிள்ளையையே சந்தேகப்பட வைத்துவிட்டது. 269 என்ற போலீஸ் கணக்கில் இதெல்லாம் வராது.

ஆக, எலிசபெத்துக்கு மகளின் பாதிதான் தெரியும், உஸ்மானுக்கு மகனைப் பற்றி அதுகூடத் தெரியாது. மீதி எதிராளியின் பக்கத்தில் இருக்கிறது. தன் பிள்ளை யார் என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மற்றவரிடம்தான் கேட்டாக வேண்டும். அலி நல்லவன், ஜேன் அவனோடு சந்தோஷமாக இருந்தாள் என்று அவள் நம்பத் தொடங்கும்போது, அது உஸ்மான் மேல் வந்த பெருந்தன்மை மட்டும் அல்ல. அலி கெட்டவன் என்றால் ஜேன் ஏமாந்தவள் ஆகிவிடுவாள். அலி நல்லவனாக இருப்பது அவளுக்கே தேவைப்படுகிறது. கடைசியில் மகள் வீட்டிலேயே உஸ்மானையும் தங்கவைக்கிறாள்.

குறைகளும் இருக்கின்றன. கடைக்காரர், இமாம், போலீஸ்காரர் என்று வருகிற முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே மாதிரி நல்லவர்கள், ஒரு சிடுமூஞ்சிகூடக் கிடையாது. தப்பு முழுக்க எலிசபெத் பக்கம் வைத்து அவளைத் திருத்துவது பாடம் நடத்துகிற மாதிரி ஆகிவிடும் அபாயம். உஸ்மானின் பயம் இல்லையென்றால் அப்படியே ஆகியிருக்கும். ஜேனும் அலியும் நமக்குப் புகைப்படமாகவும் அறையில் கிடக்கும் பொருளாகவும் மட்டுமே வருகிறார்கள், அது மட்டும் குறை இல்லை என்பது என் கட்சி. பெற்றவர்களுக்கே அவ்வளவுதானே மிச்சம்?

பிள்ளைகள் இருவரும் அந்த வாரம் பிரான்ஸுக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தார்கள் என்று தெரிகிறது. அப்படியானால் போயிருப்பார்கள், உயிரோடு இருப்பார்கள்! இருவருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். பிறகு போலீஸ் வருகிறது. இருவரும் இருந்தது பேருந்தில். துயரம் என்று சொல்லத்தக்கது வந்து சேருவது இங்கேதான், வந்ததும் இருவரும் பிரிந்துவிடுகிறார்கள். அவள் தீவுக்கு, அவர் பிரான்ஸுக்கு. சேர்ந்து அழுது சொந்தமாகிவிடுவது கிடையாது. அவள் தோட்டத்து மண்ணை வெறிபிடித்த மாதிரி கொத்துகிறாள். அவர் எல்ம் மரங்களிடம் திரும்புகிறார். அந்த மரத்துக்கு ஒரு பூஞ்சை நோய். வண்டு மூலம் பரவி, 1960-களின் கடைசியிலிருந்து பிரிட்டனில் மட்டும் இரண்டரைக் கோடி மரங்களைக் காவு வாங்கியது.

நிஜத்தில் அந்த 52 குடும்பங்களுக்கு மரண விசாரணை 2010 அக்டோபரில்தான் தொடங்கியது, ஐந்து வருஷம் கழித்து. அதே வருஷம் ஏப்ரல் 17-ஆம் தேதி குயாட்டே பாரிஸில் இறந்துபோயிருந்தார். நீதிபதி ஹாலெட் 2011 மே 6-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னார்: 52 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள், மீட்புப் பணியின் தாமதத்தால் யாரும் இறக்கவில்லை. கூடவே ஒன்பது பரிந்துரைகள். விசாரணையின்போது ரயில் பெட்டிகளின் வரைபடத்தை வைத்து, யார் எந்த இடத்தில் இருந்தார்கள் என்று ஒவ்வொருவராகக் காட்டினார்கள். பெற்றோர்கள் கூடத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.